465 பேர் எங்கே போனார்கள்? வயோமிங் நிலக்கரிக் கவுண்டியின் வேலைக்கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

2016 மார்ச் 31, வியாழக்கிழமை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கேம்ப்பெல் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) தென்பகுதியிலுள்ள இரண்டு பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் ஒரே நாளில் ஆட்குறைப்பை அறிவித்தன. பீபாடி நிறுவனத்தின் நார்த் ஆன்டிலோப் ரோஷெல் சுரங்கத்தில் 235 பேர், ஆர்ச் கோல் நிறுவனத்தின் பிளாக் தண்டர் சுரங்கத்தில் 230 பேர், ஆக 465 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு இடத்திலும் இது ஏறக்குறைய 15 சதவீத ஆட்கள்.

அடுத்த ஆண்டில் மாநிலத்தின் வேலையின்மை விகிதம் இறங்கியது, மக்கள்தொகையும் இறங்கியது. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவருக்கு முதல் செய்தி நல்ல செய்தியாகவே தெரியும். கிராமப்புற மாநிலத்தின் தொழிலாளர் புள்ளிவிவரத்தில் ஆட்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் மாதிரிப் பிழை அல்ல. எந்த எண் யாரை, எந்த ஊரில், எந்தத் தேதியில் எண்ணுகிறது என்பதைப் பார்க்காமல் படிப்பதால்தான் தவறு நேர்கிறது. இந்த ஒரு ஆட்குறைப்பு ஒவ்வொரு தரவு மூலத்திலும் எப்போது தெரியும், எதில் தெரியவே தெரியாது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

சிறிய மாநிலத்தின் கணக்கு

வயோமிங் பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 5,76,851 பேர்தான். மொத்தம் 23 கவுண்டிகள். கேம்ப்பெல்லில் 47,026 பேர், நயோப்ராரா கவுண்டியில் வெறும் 2,467 பேர்.

இந்தச் சிறுமை ஒவ்வொரு மத்திய ஆய்விலும் வந்து இடிக்கிறது. வேலையின்மை விகிதத்துக்கு அடிப்படையான சி.பி.எஸ். வீட்டு ஆய்வு நாடு முழுவதற்கும் மாதம் சுமார் 60,000 வீடுகளை எடுத்துக்கொள்கிறது. அதில் வயோமிங்குக்கு வரும் பங்கை வைத்து மாநில விகிதத்தை நேரடியாகச் சொல்ல முடியாது. அதனால் மாநில எண்ணே ஒரு புள்ளியியல் மாதிரியின் வழியாகத்தான் வெளிவருகிறது. அமெரிக்கச் சமுதாய ஆய்வான ஏ.சி.எஸ்., 65,000 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு மட்டுமே ஓராண்டு எண்ணை முழு விவரத்தோடு தரும். 2020 கணக்கெடுப்புப்படி அந்தக் கோட்டைத் தாண்டும் கவுண்டிகள் லாரமியும் நட்ரோனாவும் மட்டுமே. கேம்ப்பெல்லுக்கு விரிவாகக் கிடைப்பது ஐந்தாண்டுச் சராசரி. அதில் 2016ஆம் ஆண்டின் அதிர்ச்சி முந்தைய நல்ல ஆண்டுகளோடு கலந்து கரைந்துவிடும். நிறுவனங்களிடம் மாதாமாதம் கேட்கும் சி.இ.எஸ். ஆய்வு மாநிலம் முழுவதற்கும், ஷயன், காஸ்பர் ஆகிய இரு பெருநகரப் பகுதிகளுக்கும் எண் தருகிறது. கேம்ப்பெல்லின் சுரங்க வேலை அதில் 'சுரங்கமும் மரம் வெட்டலும்' என்ற மாநிலப் பெருந்தொகுப்புக்குள் எண்ணெய், எரிவாயு ஆட்களோடு சேர்ந்து போய்விடுகிறது.

ஆகவே கவுண்டி அளவில் நம்பிப் பிடித்துக்கொள்ளக் கூடியவை நிர்வாகப் பதிவுகள்தான்: வேலையிழப்புக் காப்பீட்டு வரிக்காக நிறுவனங்கள் காலாண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவங்கள், உதவித்தொகை கோரும் மனுக்கள், சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குப் போகும் அறிக்கைகள்.

முன்னெச்சரிக்கை ஏன் ஒலிக்காது

பெரிய ஆட்குறைப்பு என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது வார்ன் சட்ட அறிவிப்பை. 1988இல் வந்த இந்த மத்தியச் சட்டப்படி, 100 பேருக்குக் குறையாத நிறுவனம் 60 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். ஆனால் வேலைத்தலம் மூடப்படாமல் ஆட்கள் மட்டும் குறைக்கப்பட்டால், ஒரே தலத்தில் 500 பேர் போக வேண்டும்; அல்லது 50 முதல் 499 பேர் போய், அது அந்தத் தலத்தின் ஆட்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 235 பேர், 15 சதவீதம் என்பது இரண்டு கோட்டுக்கும் கீழே. 230ம் அப்படியே. கவுண்டியையே உலுக்கிய ஆட்குறைப்பு, சட்டத்தின் கணக்கில் 'பெருந்திரள் ஆட்குறைப்பு' ஆகாது.

வார்ன் பட்டியலை மட்டும் வைத்துக் கிராமப்புறப் பொருளாதாரத்தைக் கவனிப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பெரும்பாலான உள்ளூர் முதலாளிகள் 100 பேர் என்ற முதல் வாசலையே எட்டாதவர்கள்.

வாரக் கணக்கும் சுரங்கக் கணக்கும்

முதலில் அசையும் எண், வேலையிழப்பு உதவித்தொகைக்கான புதிய மனுக்கள். வாராவாரம் கிடைக்கும். மனுவில் விண்ணப்பிப்பவரின் முகவரியும் கடைசி முதலாளியின் பெயரும் இருக்கும். இரண்டு விதமாகவும் அட்டவணை போட்டுப் பார்க்க வேண்டும். தென்பகுதிச் சுரங்கங்களுக்குக் கான்வர்ஸ் கவுண்டியின் டக்ளஸ் ஊரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். முகவரிப்படி மட்டும் எண்ணினால் கேம்ப்பெல்லின் அடி குறைவாகவும், கான்வர்ஸில் காரணமே இல்லாத ஏற்றமாகவும் தெரியும்.

இதில் மூன்று தொல்லைகள் உண்டு. பல மாநிலங்களில், வேலையிலிருந்து அனுப்பும்போது நிறுவனம் தரும் பிரிவுப்பணத்தை வாங்கியவருக்கு உதவித்தொகை தள்ளிப்போகும் அல்லது கழிக்கப்படும். அதனால் மனு சில வாரம் பிந்தி வரும். மறுவாரமே வேறு வேலை கிடைத்தவர் மனுவே போடமாட்டார். வயோமிங்கில் உதவித்தொகை அதிகபட்சம் 26 வாரம். ஏப்ரல் தொடக்கத்தில் மனு போட்டவருக்கு அக்டோபர் தொடக்கத்தில் தீர்ந்துவிடும். அக்டோபரில் தொடர் மனுக்கள் (உதவித்தொகையைத் தொடர்ந்து பெற வாராவாரம் போடுபவை) சரிந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. உதவித்தொகையைத் தீர்த்தவர்கள் எத்தனை பேர் என்ற கோப்பை அதன் பக்கத்தில் வைக்காமல் அந்தச் சரிவைப் பேசவே கூடாது.

அடுத்தது, வெளியாட்கள் பலருக்குத் தெரியாத ஒரு தரவுச் சுரங்கம்: சுரங்கப் பாதுகாப்பு, சுகாதார நிர்வாகத்தின் 7000-2 படிவம். 'எம்ஷா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நிர்வாகத்துக்கு ஒவ்வொரு சுரங்கமும் காலாண்டு முடிந்த 15 நாளுக்குள் சராசரி ஆட்கள் எண்ணிக்கை, வேலை மணி, வெட்டிய நிலக்கரி டன் ஆகியவற்றைத் தர வேண்டும். சுரங்கம் வாரியாக, எண் மறைப்பு எதுவும் இல்லாமல் அது பொதுவெளிக்கு வருகிறது. புள்ளிவிவரத் துறை ரகசியக் காப்பின் பெயரில் மறைக்கும் எண்ணை இங்கே சட்டப்படியே படித்துக்கொள்ளலாம்.

படிவத்தில் ஆட்களைவிட மணியை முதலில் பார்ப்பது நல்லது. வாரம் 40 மணி, 13 வாரம் என்றால் ஆளுக்கு 520 மணி. முறைப்பணியும் மிகைநேரமும் நிறைந்த சுரங்கத்தில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆட்கள் எண்ணிக்கை அசையாமல் ஆளுக்கான மணி மட்டும் இரண்டு மூன்று காலாண்டாகக் குறைந்துகொண்டே போனால், நிர்வாகம் முதலில் மிகைநேரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆட்களின் முறை பிறகு வரும். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்ததாரர்கள் தங்கள் ஆட்களைச் சுரங்கம் வாரியாகப் பிரித்துத் தருவதில்லை, மொத்தமாகத் தருகிறார்கள். ராட்சத லாரிக்கு டயர் மாற்றுபவரும் வெடிமருந்து நிரப்புபவரும் எந்தச் சுரங்கத்து ஆள் என்று இதில் தெரியாது.

12ஆம் தேதி செய்யும் வேலை

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகமும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் காலாண்டு வேலை, ஊதியக் கணக்கெடுப்பு, நாட்டின் வேலைகளில் 95 சதவீதத்துக்கும் மேலானதை உள்ளடக்குகிறது. இது மாதிரி ஆய்வு அல்ல, முழு எண்ணிக்கை. ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதியை உள்ளடக்கிய சம்பளக் காலத்தில் பட்டியலில் இருந்தவர்களே அந்த மாதத்தின் வேலை எண்.

மார்ச் 31இல் போனவர்கள் மார்ச் 12இல் வேலையில் இருந்தவர்கள். எனவே 2016 முதல் காலாண்டில் எந்தச் சரிவும் தெரியாது. ஏப்ரல் எண்ணில்தான் 465ம் விழும். இந்தக் கணக்கு வெளிவரக் காலாண்டு முடிந்து ஐந்தாறு மாதம் ஆகும். அதாவது ஆண்டின் கடைசிவரை கவுண்டி அதிகாரிகளின் மேசையில் இருப்பது சரிவுக்கு முந்தைய எண்தான். மார்ச்சோடு மார்ச்சை ஒப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு 2017 மார்ச் எண் வரும்வரை இந்த ஆட்குறைப்பு நடக்கவே இல்லை.

இதைவிட வஞ்சகமானது வாரச் சராசரி ஊதியம். சூத்திரம் எளியது: காலாண்டின் மொத்த ஊதியத்தை மூன்று மாத வேலை எண்ணின் சராசரியால் வகுத்து, மறுபடி 13ஆல் வகுக்க வேண்டும். ஒரு கற்பனைச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1,500 ஆட்கள், ஆளுக்குக் காலாண்டுக்கு 20,000 டாலர். மொத்தம் 3 கோடி டாலர். வாரச் சராசரி 1,538 டாலர். அடுத்த காலாண்டில் 235 பேர் போய் 1,265 பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களின் சம்பளம் 2.53 கோடி. போனவர்களுக்குப் பிரிவுப்பணமும் விடுப்புப் பணமும் ஆளுக்கு 15,000 வீதம் 35.25 லட்சம். மொத்தம் 2.8825 கோடியை 1,265 பேருக்கும் 13 வாரத்துக்கும் பங்கிட்டால் 1,753 டாலர். ஒருவருக்கும் ஒரு டாலர் கூடக் கூடவில்லை, ஆனால் சராசரி ஊதியம் 14 சதவீதம் ஏறிவிட்டது! 'சுரங்கத்தில் சம்பள உயர்வு' என்று தலைப்பு எழுதக் காத்திருப்பவர்கள் ஒரு காலாண்டு பொறுத்தால் அதே எண் மறுபடி கீழே வந்து நிற்பதைப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, வேலை எங்கே இருக்கிறது என்ற கேள்வி. பல கிளைகள் உள்ள நிறுவனம் கிளை வாரியாகப் பிரித்துத் தரும் தனி அறிக்கையை அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் ஆட்கள் முழுவதும் தலைமை அலுவலகம் இருக்கும் கவுண்டியில் ஏறிவிடுவார்கள். இடம் தெரியாதவர்கள் 999 என்ற 'கவுண்டி'யில் சேர்க்கப்படுவார்கள். ஒரு சிறு கவுண்டியில் ஒரு துறை திடீரென 60 பேர் குறைந்தால், முதலில் 999இல் அதே துறை 60 கூடியிருக்கிறதா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் எழுதிய அறிக்கையைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதல்ல.

ஆளைத் தொடர்ந்து போவது

எத்தனை வேலை போயிற்று என்பதற்கு மேலே உள்ளவை போதும். ஆட்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஊதியப் பதிவு வேண்டும்: நிறுவனக் கணக்கு எண், ஆளின் சமூகப் பாதுகாப்பு எண், பெயர், அந்தக் காலாண்டில் தந்த ஊதியம். அவ்வளவுதான் ஒரு வரி. பெரும்பாலான மாநிலங்களில் என்ன வேலை, எத்தனை மணி என்பது இருக்காது. வாஷிங்டன் மாநிலம் மணியைக் கேட்டு வாங்குகிறது. அலாஸ்கா வேலையின் வகையையும் வேலை செய்த இடத்தையும் கேட்டு வாங்குகிறது. மற்றவர்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதுதான்.

ஆய்வுக் குழுவை வரையறுப்பதே இதில் கடினமான பகுதி. 2016 இரண்டாம் காலாண்டில் காணாமல் போனவர்களை எடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. மாதிரிக்காகப் புனைந்த ஒருவரின் வரிசையைப் பாருங்கள்: 2015 நான்காம் காலாண்டில் சுரங்கத்திலிருந்து 22,400 டாலர்; 2016 முதல் காலாண்டில் 21,900; இரண்டாம் காலாண்டிலும் அதே சுரங்கத்திலிருந்து 17,300; மூன்றாம் காலாண்டில் ஒன்றுமில்லை; நான்காம் காலாண்டில் ஒரு சரக்கு லாரி நிறுவனத்திலிருந்து 4,100. இரண்டாம் காலாண்டின் 17,300 உழைத்த சம்பளம் அல்ல, பிரிவுப்பணமும் தீராத விடுப்பின் பணமும். ஏப்ரல் முதல் தேதியே வெளியே போனவர், பதிவில் ஜூன் வரை வேலையில் இருப்பதுபோல் தெரிகிறார். அதனால் ஊதியம் நின்ற காலாண்டை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய காலாண்டையும் சேர்த்து, இரண்டு காலாண்டுச் சாளரத்தில் பிரிவைக் கணக்கிட வேண்டும். உதவித்தொகை மனுக் கோப்போடு பொருத்தினால், 'வேலை இல்லாமையால் நீக்கம்' என்ற காரணத்தையும் தேதியையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தாமாக விலகியவர்களும் இந்தக் குழுவுக்குள் கலந்துவிடுவார்கள். எந்தச் சுரங்கத்திலும் எந்தக் காலாண்டிலும் சிலர் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். முந்தைய ஆண்டுகளின் அதே காலாண்டில் பிரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எடுத்து, அந்த அளவைப் பக்கத்தில் காட்டினால் வாசகருக்கு நேர்மையான படம் கிடைக்கும்.

சமூகப் பாதுகாப்பு எண்களைச் சுத்தம் செய்யும் வேலை சலிப்பானது, தவிர்க்க முடியாதது. எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் ஒரு ஆள் மறைந்து, இன்னொரு 'புதிய' ஆள் பிறப்பார். ஒரே நிறுவனத்தில் ஒரு எண் நின்ற காலாண்டிலேயே, ஒரு இலக்கம் மட்டும் வேறுபடும் எண் அதே பெயரில் தொடங்கினால் அது பெரும்பாலும் தட்டச்சுப் பிழை. ஒரே எண் ஒரு காலாண்டில் நம்ப முடியாத அளவு முதலாளிகளிடம் தெரிந்தால், அந்த எண்ணைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதை விலக்கிவிட வேண்டும்.

பிறகு முன்னோக்கிப் பொருத்துவது: குறைந்தது எட்டுக் காலாண்டு. ஒருவருக்கு இரண்டு முதலாளிகள் இருந்தால் கூடுதல் ஊதியம் தந்தவரே முதன்மை. ஒரே நிறுவனத்தில் முந்தைய, நடப்பு, அடுத்த காலாண்டு மூன்றிலும் ஊதியம் இருந்தால்தான் அவரை அந்தக் காலாண்டு முழுதும் வேலையில் இருந்தவர் என்று சொல்லலாம். மேலே உள்ளவரின் 4,100 டாலரை வைத்து 'ஊதியம் ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்தது' என்று எழுதினால் தவறு. நவம்பர் கடைசியில் சேர்ந்திருக்கலாம். பழைய ஊதியத்தோடு ஒப்பிடுகையில் 2017 மூன்றாம் காலாண்டை 2015 மூன்றாம் காலாண்டோடு வைக்க வேண்டும், பருவம் குழப்பாது. சராசரி வேண்டாம், நடுமதிப்பு போதும். ஐந்தாறு பேர் எண்ணெய்க் கிணற்றுக்குப் போய் நிறையச் சம்பாதித்தாலே சராசரி தடம் புரண்டுவிடும்.

காஸ்பர் நகரிலிருந்து இயங்கும் வயோமிங் தொழிலாளர் சேவைத் துறையின் ஆராய்ச்சி, திட்டமிடல் பிரிவு இந்த வகைப் பொருத்தலில் நெடுநாள் பழகியது. ஊதியப் பதிவில் வயதும் பாலினமும் இல்லாத குறையை ஓட்டுநர் உரிமக் கோப்போடு இணைத்துத் தீர்க்கிறார்கள். பிற மாநிலங்களோடு ஊதியப் பதிவைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தங்களும் வைத்திருக்கிறார்கள். வயோமிங் உரிமமோ, மாநிலத்தில் குறைந்தது நான்கு காலாண்டு வேலை வரலாறோ இல்லாதவரை 'வெளி மாநிலத்தவர்' என்று வகைப்படுத்துகிறார்கள். அலாஸ்காவின் முறை இன்னும் இறுக்கமானது. எண்ணெய் வருவாயிலிருந்து குடிமக்களுக்கு ஆண்டுதோறும் தரும் நிரந்தர நிதிப் பங்குத்தொகைக்கு விண்ணப்பிக்க ஓராண்டு முழுதும் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அந்த விண்ணப்பப் பட்டியலை ஊதியப் பதிவோடு பொருத்தினால் யார் உள்ளூர்க்காரர் என்பது தெளிந்துவிடும்.

கிடைக்காதவர்கள்

எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் ஒரு பகுதியினர் எந்தக் கோப்பிலும் கிடைக்க மாட்டார்கள். அவர்களை 'மாநிலத்தை விட்டுப் போனவர்கள்' என்று எழுதுவதுதான் இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. கிடைக்காமைக்குக் காரணங்கள் ஏராளம்.

ரயில்வேயை முதலில் சொல்ல வேண்டும். இந்தச் சுரங்கங்கள் இருக்கும் பவுடர் ரிவர் படுகையின் நிலக்கரியை பி.என்.எஸ்.எஃப்., யூனியன் பசிஃபிக் ஆகிய இரண்டு ரயில் நிறுவனங்கள் கொண்டுசெல்கின்றன. ரயில்வே ஆட்களுக்கு 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி வேலையிழப்புக் காப்பீடு உண்டு. மாநிலக் காப்பீட்டில் அவர்கள் இல்லை. ஆகவே சுரங்கத்திலிருந்து ரயில்வேக்குப் போனவர் ஊதியப் பதிவிலிருந்து மறைகிறார். நிலக்கரி குறைந்ததால் ரயில்வே ஆட்களைக் குறைத்தாலோ, அந்தச் சரிவு காலாண்டுக் கணக்கெடுப்பில் எட்டிக்கூடப் பார்க்காது. நிலக்கரிக் கவுண்டியில் இது சிறிய ஓட்டை அல்ல.

மத்திய அரசு ஊழியர்கள் காலாண்டு வேலை எண்ணில் இருப்பார்கள். ஆனால் மாநிலத்தின் ஆள்வாரியான ஊதியப் பதிவில் இருக்க மாட்டார்கள். பூங்காக்களும் கூட்டாட்சி நிலங்களும் நிறைந்த மாநிலத்தில் இது பொருட்படுத்த வேண்டியது. படைவீரர்கள் இரண்டிலும் இல்லை. சொந்த லாரி வாங்கி ஓட்டுபவரும், பட்டறை வைத்தவரும் சுயதொழிலர் என்பதால் இல்லை. பண்ணைக்குப் போனவர் பெரும்பாலும் இல்லை: மத்திய வரம்பின்படி ஒரு காலாண்டில் 20,000 டாலர் ரொக்க ஊதியம் தராத, 20 வாரங்களில் 10 ஆட்களை வைத்திராத பண்ணைக்குக் காப்பீட்டு வரிக் கட்டாயம் இல்லை. பகிர்வு ஒப்பந்தம் இல்லாத மாநிலத்துக்குப் போனவர், ஓய்வு பெற்றவர், இறந்தவர் ஆகியோரும் இதே குவியலில்தான்.

55 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியே பிரித்தால் இந்தக் குவியல் சற்றுத் தெளியும். ஓட்டுநர் உரிமத்தை வேறு மாநிலத்தில் ஒப்படைத்தவர்களைக் கழித்தால் இன்னும் சற்று. அதற்குப் பிறகும் மிஞ்சுவதை 'கண்டறியப்படவில்லை' என்றே எழுத வேண்டும்.

விகிதம் ஏன் இறங்கும்

இப்போது விகிதத்துக்கு வரலாம். கற்பனைக் கவுண்டி ஒன்றில் தொழிலாளர் படை (வேலையில் இருப்போரும் வேலையற்றோரும் சேர்ந்தது) 25,000, வேலையற்றோர் 1,250, விகிதம் 5.0. ஒரே நாளில் 465 பேர் வேலை இழந்தால் வேலையற்றோர் 1,715, விகிதம் 6.9. ஓராண்டில் 300 பேர் கவுண்டியை விட்டுப் போகிறார்கள், 100 பேர் ஓய்வு பெறுகிறார்கள், 65 பேருக்கு உள்ளூரில் வேலை கிடைக்கிறது. வேலையற்றோர் மறுபடி 1,250. தொழிலாளர் படை 24,600. விகிதம் 5.1. வேலையில் இருப்போர் 23,750லிருந்து 23,350 ஆகிவிட்டார்கள். விகிதம் ஆறிவிட்டது, கவுண்டி ஆறவில்லை.

கவுண்டி விகிதம் எப்படி உருவாகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே தனி வீட்டு ஆய்வு நடப்பதில்லை. வேலையற்றோர் எண்ணிக்கை பெருமளவு உதவித்தொகை மனுக்களைச் சார்ந்தது. 26 வாரத்தைத் தீர்த்தவர்களுக்கு ஈடுகட்டும் மதிப்பீடு மட்டுமே உண்டு. வேலையில் உள்ளோர் எண்ணிக்கை, வேலைத்தல எண்ணைக் குடியிருப்பு எண்ணாக மாற்றும் ஒரு விகிதத்தால் வருகிறது. அதற்கு அடிப்படை ஏ.சி.எஸ். ஐந்தாண்டுத் தரவு. மேலும் கவுண்டிகளின் கூட்டுத்தொகை மாநில மாதிரியின் எண்ணோடு பொருந்துமாறு சரிசெய்யப்படுகிறது. இத்தனை கை மாறிய எண்ணின் தசம இடத்தைப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் விவாதிப்பது வீண்.

வெளியூர் ஆட்கள் இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். மொன்டானாவிலோ தெற்கு டகோட்டாவிலோ வீடு வைத்துக்கொண்டு கேம்ப்பெல்லில் வேலை செய்தவர் வேலை இழந்தால், கேம்ப்பெல்லின் வேலை எண் குறையும். கேம்ப்பெல்லின் வேலையின்மையில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. எரிவாயு வயல்கள் கொழித்தபோது சப்லெட் கவுண்டியில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. அங்கே மக்கள்தொகை 2010இல் 10,247, 2020இல் 8,728.

எண் மறைப்பு

சிறு கவுண்டியின் அட்டவணை முழுக்கக் கட்டம் கட்டமாக வெறுமையாக இருப்பதற்குக் காரணம் ரகசியக் காப்பு. மாநிலங்கள் பரவலாகக் கையாளும் விதி: ஒரு கட்டத்தில் மூன்று நிறுவனங்களுக்குக் குறைவாக இருந்தாலோ, ஒரே நிறுவனம் 80 சதவீத ஆட்களை வைத்திருந்தாலோ மறைக்க வேண்டும். அதோடு முடிவதில்லை. ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் பாவமறியாத இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தொடர்மறைப்பில்தான் ஆய்வாளர்கள் சறுக்குகிறார்கள். ஒரே தரவிலிருந்து இரண்டு அட்டவணைகளை வேறு வேறு தொகுப்பில் வெளியிட்டால், ஒன்றில் மறைத்தது மற்றொன்றில் கழித்தலால் வெளிப்பட்டுவிடும். கவுண்டியில் இரண்டே மருத்துவமனைகள் இருந்தால் அவற்றுக்கு எந்த அட்டவணையும் ரகசியம் இல்லை. ஒன்று மொத்தத்திலிருந்து தன் எண்ணைக் கழித்தால் எதிராளியின் எண் கிடைக்கும். எந்தத் தொகுப்பை வெளியிடுவது என்பதை ஆய்வின் முதல் வாரமே முடிவுசெய்து, பிறகு வரும் தனிக் கோரிக்கைகளையும் அதே சட்டகத்துக்குள் அடக்குவதே பாதுகாப்பு. ஆட்குறைப்பு ஆய்வில் ஆள் எண்ணிக்கைக்கும் இதே கவனம் வேண்டும். 465 பேரைத் துறை, வயது, பாலினம், போன மாநிலம் என்று நான்கு பக்கமும் வெட்டினால் கட்டத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். கேம்ப்பெல்லின் கில்லெட் போன்ற ஊரில் அந்த மூவர் யார் என்பது ஊருக்கே தெரியும்.

2019: தேதி மறுபக்கம் விழுந்தபோது

2019 ஜூலை 1இல் பிளாக்ஜூவல் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்து, கேம்ப்பெல்லில் ஈகிள் பியூட், பெல் ஏர் சுரங்கங்களைப் பூட்டியது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். முந்தைய நிகழ்வு காலாண்டின் கடைசி நாளில் நடந்தது, இது காலாண்டின் முதல் நாளில். ஜூன் எண்ணில் எல்லோரும் உண்டு, ஜூலை 12இல் அநேகமாக ஒருவரும் இல்லை. பிரிவுப்பணத்தால் வரும் குழப்பமும் இங்கே பெரிதாக இராது. திவாலான நிறுவனத்தில் சம்பளப் பாக்கிதான் பேச்சு.

இங்கே வேறு பொறி. அதே ஆண்டு அக்டோபரில் ஈகிள் ஸ்பெஷாலிட்டி மெட்டீரியல்ஸ் என்ற புதிய நிறுவனம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. ஊதியப் பதிவில் பழைய கணக்கு எண் செத்து, புதிய கணக்கு எண் பிறக்கும். அப்படியே விட்டால், திரும்பி வந்த அதே ஆட்கள் 'புதிய முதலாளியிடம் வேலை தேடிக்கொண்டவர்கள்' ஆகிவிடுவார்கள், வேலைச் சந்தை அற்புதமாக இயங்கியதுபோல் தோன்றும். ஒரு கணக்கின் ஆட்களில் 80 சதவீதத்தினர் அடுத்த காலாண்டில் மற்றொரு கணக்கில் திரளாகத் தெரிந்தால் அது வேலை மாற்றம் அல்ல, உரிமை மாற்றம் என்று கொள்வது வழக்கமான சோதனை. ஆனால் நடுவே சுரங்கம் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து, பலர் வேறு வேலைக்குப் போய்விட்டால் 80 சதவீதம் எட்டாது, சோதனை தோற்றுவிடும். அந்த நிலையில் கணினி விதியை நம்பாமல், சுரங்கத்தின் எம்ஷா அடையாள எண்ணைக் கொண்டு கையால் இணைக்க வேண்டும். முதலாளி மாறினாலும் சுரங்கத்தின் எண் மாறுவதில்லை.

அட்டவணை எப்படி இருக்க வேண்டும்

இறுதி அட்டவணையில் ஆறு வரிகள் போதும்: அதே சுரங்கம் அல்லது அதன் வாரிசு நிறுவனம், வயோமிங்கில் வேறு சுரங்கம், வயோமிங்கில் வேறு துறை, பகிர்வு ஒப்பந்தமுள்ள வேறு மாநிலம், உதவித்தொகை மட்டும் பெறுபவர், கண்டறியப்படவில்லை. பல வரிக்குள் அடங்குபவரை எந்த வரியில் சேர்ப்பது என்ற முன்னுரிமை இதே வரிசையில். அதை அட்டவணையின் கீழேயே எழுதிவிட வேண்டும். கடைசி வரியைச் சதவீதத்திலிருந்து நீக்கிவிட்டு மற்றவற்றை நூறாக்குவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் செய்யக் கூடாது. வகுக்கும் எண் எப்போதும் முழுக் குழு.

தாமதமாகத் தாக்கலாகும் படிவங்களால் சமீபத்திய காலாண்டு எப்போதும் குறைவாகவே தெரியும். இரண்டு காலாண்டு கழித்துப் பொருத்தலை மறுபடி ஓட்டினால் 'கண்டறியப்படவில்லை' வரி சுருங்கும். பழைய அட்டவணையை அழிக்காமல், ஊதியக் கோப்பு எடுத்த தேதியை ஒவ்வொன்றின் அடியிலும் அச்சிட்டு, இரண்டையும் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே 30 பேர் 'வேலை பெற்றதாக' யாராவது எழுதிவிடுவார்கள்.